ஈரச் சுவர் – 11. பலகையைப் பெயர்த்த நாள்

ஈப்போவில், அக்கா யோகேஸ்வரியின் வீட்டில் இருந்த மூன்று வாரமும் சுபத்ராவுக்கு இருமல் வரவில்லை. மாடிப்படி ஏறினாள், இறங்கினாள். ராத்திரி முழுக்கத் தூங்கினாள். இப்போது அதுவே அவள் செய்த குற்றமாகிவிட்டது.

கேமரன் மலைக்கு, கணவனின் லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்த இரண்டாம் நாளே இருமல் வந்து ஒட்டிக்கொண்டது. படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல. வாசலிலிருந்து குழாயடிவரை நடந்தாலே மூச்சு வாங்கியது.

"ஈப்போ காத்து ஒத்துக்குது. நம்ம வீட்டுக் காத்து மட்டும் ஒத்துக்க மாட்டேங்குது" என்று மாமியார் அம்மாக்கண்ணு அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

யாருக்குச் சொன்னது என்று சுபத்ராவுக்குத் தெரியும். அவள் டவுனில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி மூன்று வருஷமாக இந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். லயத்து வீட்டில் வாழப் பிடிக்காமல்தான் இருமுகிறாள் என்று வரிசையில் எல்லா வீட்டிலும் பேச்சு.

ஈப்போவில் நெஞ்சு நோய் டாக்டர் சொன்னதை அவள் வந்த அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டாள். "உங்க வீட்டுல பூசணம் இருக்கா? அதோட தூள்தான் உங்க நுரையீரலப் புண்ணாக்குது. மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரை பாதிதான். அந்த வீட்ட விட்டு நீங்க தள்ளியிருக்கணும்."

அதைக் கேட்டு அவள் கணவன் தினேஸ்வரன் முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "பூசணம் இல்லாத வீடு இந்த மலையில எங்க இருக்கு?" என்றான்.

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மலையைக் குடைந்து கட்டிய வரிசை வீடுகள். பின்பக்கச் சுவரில் மலையின் மண் அப்படியே சாய்ந்து கிடக்கும். மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். மடித்து வைத்த சேலை, தோல் செருப்பு, கல்யாண ஆல்பம் எல்லாவற்றிலும் சாம்பல் பூத்துவிடும்.

அந்தச் சுவரை ஒட்டித்தான் அவர்களுடைய படுக்கையறை. டவுன் பொண்ணு வருகிறாளே, குளிர் தாங்கமாட்டாளே என்று கல்யாணத்துக்கு முன்னால் தினேஸ்வரன் சுவர் முழுக்கப் பலகை அடித்து, அதன் மேல் ரோஜாப்பூ போட்ட காகிதம் ஒட்டி வைத்திருந்தான். முதல் நாள் அந்த அறையைப் பார்த்தபோது சுபத்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் அவளுக்காக ஓர் அறையை அப்படிச் செய்ததில்லை.

சனிக்கிழமை காலை. மழை விடவேயில்லை. எத்தனை நாளாகப் பெய்கிறது என்று எண்ணுவதைத் தோட்டத்தில் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

தினேஸ்வரன் ஓட்டும், தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அதனால் அன்று வீட்டில் இருந்தான். பிரிஞ்சாங் டவுன் கடையில் வாங்கிய இரண்டு டின் பெயிண்டைக் கொண்டு வந்து நடுவீட்டில் வைத்தான்.

"பூசணத்துக்குன்னே செய்ற பெயிண்டாம். இன்னிக்குப் பலகையக் கழட்டுறேன். சுவரத் தேய்ச்சுட்டு ரெண்டு கோட்டு அடிச்சிடுறேன். முடிஞ்சுபோச்சு லா."

"என்னங்க, அதக் கெளறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. நான் வீட்டுல இருக்கும்போது…"

"டாக்டர் ஈப்போவுல இருக்காரு. வீடு இங்க இருக்கு. நான் என்ன செய்யட்டும் சொல்லு."

"மேல் லயத்துல ஒரு வீடு காலியா இருக்கே. கிராணிகிட்ட கேட்டீங்களா?"

தினேஸ்வரன் ஸ்க்ரூ ட்ரைவரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டான்.

"கேட்டேன்."

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சசிதரன் சொன்னதை அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். மேல் லயத்து வீட்டில் கூரை ஒழுகுகிறது, அங்கேயும் இதே ஈரம்தான். வெளியே டவுனில் போய்த் தங்குவதானால் தாராளமாகத் தங்கலாம். ஆனால் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பங்களாதேஷ் ஆட்கள் ஒரு வீட்டில் எட்டுப் பேர் படுத்திருக்கிறார்கள், வீடு எப்போது காலியாகும் என்று மேனேஜர் காத்துக்கொண்டிருக்கிறார். அதோடு, விடியாத நேரத்தில் லோரி எடுக்கிற டிரைவர் தோட்டத்துக்குள்ளேதான் குடியிருக்க வேண்டும்.

"வீட்ட விட்டா வேலை போச்சு. வேலைய விட்டா வீடு போச்சு. எந்தப் பக்கம் போகட்டும்?"

சுபத்ராவும் ராத்திரியெல்லாம் இதையேதான் யோசித்திருந்தாள். தங்கினால் மூச்சு முட்டுகிறது. போனால் புருஷனை விட்டு ஓடியவள் என்பார்கள். அவளே போக நினைத்தாலும் அவனைத் தனியாக விட்டுப் போக மனசு வரவில்லை.

"நீ அடுப்படியில இரு. நான் ரூம் கதவச் சாத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.

அவள் அடுப்படிக்குப் போகவில்லை. வாசல் பக்கத் தாழ்வாரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். உள்ளே பலகை பெயரும் சத்தம் கேட்டது.

அம்மாக்கண்ணு கதவருகே வந்து நின்றாள்.

"இதென்ன கோலம்? வாயைக் கட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்க? எதிர்வீட்டுத் தங்கம்மா ஜன்னல்ல நின்னு பாக்குறா. மருமகள மழையில உக்கார வெச்சிருக்கேன்னு நாளைக்கு டவுன்வரைக்கும் பேசுவா. உள்ள வா."

"அத்தே, தூசி…"

"கதவச் சாத்தித்தானே செய்றான்? உள்ள வான்னா வா."

சுபத்ரா எழுந்து உள்ளே போனாள். எதிர்த்துப் பேச வேண்டுமானால் அதற்கும் மூச்சு வேண்டும்.

அறையில் தினேஸ்வரன் நடுப்பலகையைப் பிடித்து இழுத்தான். ஆணிகள் முனகிக்கொண்டு கழன்றன. பலகை கையோடு வந்தது.

அவன் அப்படியே நின்றுவிட்டான்.

பலகையின் முன்பக்கம் ரோஜாப்பூ. பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. சுவரில் பச்சையும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாகப் படர்ந்து, இடையிடையே பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல வெள்ளையாகப் பொங்கியிருந்தது. கட்டிலின் தலைமாட்டுக்கு நேரே இருந்த இடம்தான் எல்லாவற்றையும்விட மோசம். மூன்று வருஷமாக அவள் தலையணைக்கும் அதற்கும் நடுவில் இருந்தது, அவன் ஆசையாக அடித்த ஒரு பலகைதான்.

ஈர மண்ணும் அழுகிய துணியும் கலந்த வாடை அவன் முகத்தில் அடித்தது. அவனுக்கு அழுகை வந்தது. அழாமல், ஆத்திரத்தோடு துடைப்பத்தை எடுத்துச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தான். ஜன்னல் எப்போதோ சாரலுக்குப் பயந்து பிளாஸ்டிக் போட்டு ஆணி அடித்தது. பல்பு வெளிச்சத்தில் தூள் புகைபோல எழும்பி, போக இடமில்லாமல் மேலே மேலே போனது.

லயத்து வீட்டில் அறைச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். ஓர் அறையில் தும்மினால் எல்லா அறைக்கும் கேட்கும். அந்த வழியாகத் தூள் நடுவீட்டுக்கும், அங்கிருந்து அடுப்படிக்கும் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. அது கண்ணுக்குத் தெரிகிற அளவில் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் நரைத்தது போல இருந்தான். "முடிஞ்சிடுச்சு. சுவரு சுத்தமாயிடுச்சு. பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான்" என்றான். சுபத்ரா அவனைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

சாயங்காலத்துக்குள் அவளுக்குக் குளிர் எடுத்தது.

முதலில் விரல் நுனி. அப்புறம் முதுகு. பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டன. அம்மாக்கண்ணு இரண்டு கம்பளியைப் போர்த்தினாள். கம்பளியும் சேர்ந்து ஆடியது. நெற்றி கொதித்தது. இருமல் வந்தபோது அவளால் முழுசாக இரும முடியவில்லை. பாதியிலேயே காற்று தீர்ந்துவிட்டது.

"அத்தே… நகம்…" என்றாள்.

அம்மாக்கண்ணு அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். நகக்கண்கள் நீலம் பாரித்திருந்தன.

அந்தக் கையை அம்மாக்கண்ணு விடவில்லை. அவள் முகம் மாறிப்போயிருந்தது. எங்கேயோ, வேறு யாரையோ பார்ப்பது போல இருந்தது.

"தினேசு!" என்று கத்தினாள். "பக்கத்து வீட்டு ராமையாகிட்ட காரு எடுக்கச் சொல்லு. இது நடிப்பில்லடா. இந்தக் குளுர நான் பாத்திருக்கேன்."

கியா பார்ம் சந்தைப் பக்கம் வந்ததும் கார் நின்றுவிட்டது. வார இறுதி. கீழ்நாட்டிலிருந்து வந்த கார்களும் பஸ்களும் மழையிலும் ஸ்ட்ராபெரி வாங்க வரிசை கட்டி நின்றன. முன்னாலும் நகர முடியவில்லை, பின்னாலும் நகர முடியவில்லை. கண்ணாடியை ஏற்றினால் சுபத்ராவுக்கு மூச்சு முட்டியது, இறக்கினால் பஸ்ஸின் புகை. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாக்கண்ணு வழியெல்லாம் நெற்றியைத் துடைத்துவிட்டாள். ராமையா ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சுபத்ராவுக்கு ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் ரேகா இளவயதுப் பெண், ஜொகூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஈப்போ டாக்டர் கொடுத்த தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னிக்கு வீட்டுல என்ன நடந்துச்சு? ஏதாவது பழசக் கெளறுனீங்களா?"

தினேஸ்வரன் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"எப்போ?"

"காலையில டாக்டர். ஆனா இவளுக்குச் சாயந்தரம்தான்…"

"அப்படித்தான் வரும். சுவாசிச்ச உடனே தெரியாது. சில மணி நேரம் கழிச்சுத்தான் ஒடம்பு சண்டையை ஆரம்பிக்கும்."

"பூசணத்தோடயா சண்டை?" என்று அம்மாக்கண்ணு கேட்டாள். கேமரனுக்கு வந்ததிலிருந்து அவள் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அம்மா, ஒங்க தோட்டத்துல ஜாகா இருக்காரு இல்ல? ராத்திரி காவலுக்கு?"

"இருக்காரு."

"அது மாதிரி ஒவ்வொருத்தர் ஒடம்புக்குள்ளயும் காவல் இருக்கு. நோய் எதிர்ப்பு சக்தின்னு சொல்றோமே, அது. கிருமி வந்தா அடிச்சுத் தொரத்தும். பூசணத் தூள் எல்லார் மூக்குலயும்தான் போகுது. ஒங்க காவலு 'இது சும்மா தூசி'ன்னு விட்டுடுது. இவங்க காவலுக்கு அது திருடனாத் தெரியுது. தினமும் சுவாசிச்சுச் சுவாசிச்சு அதுக்கு வெறி ஏறிப்போச்சு. திருடன அடிக்கிறேன்னு சொந்த வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் ஒடைக்குது. அந்த வீடுதான் இவங்க நுரையீரல். இப்படியே விட்டா ஒடஞ்ச எடமெல்லாம் தழும்பாயிடும். தழும்புக்கு மூச்சு விடத் தெரியாது."

"மாத்திரை குடுத்தாங்களே டாக்டர்?" என்றான் தினேஸ்வரன்.

"குடுத்தாங்க. அது காவலைத் தூங்க வைக்கிற மாத்திரை. தூங்கிட்டா கதவ ஒடைக்க மாட்டாரு, சரி. ஆனா நெஜத் திருடன் வந்தாலும் எந்திரிக்க மாட்டாரு. சாதாரணக் கிருமி வந்தாக்கூட இவங்களுக்கு ஆபத்து. இந்தக் காய்ச்சலே பூசணத்தாலயா, கிருமியாலயான்னு நாங்க இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்கோம். அதனால மாத்திரையும் போட்டுக்கிட்டு அதே ரூம்லயும் படுக்குறது இருக்கே, அது ரெண்டு பக்கமும் அடி வாங்குறது."

தினேஸ்வரன் விடவில்லை. "இப்ப சுவரு சுத்தமாயிடுச்சு டாக்டர். பெயிண்ட் காஞ்சிட்டா…"

"சுவருக்குப் பின்னால என்ன இருக்கு?"

"மலை."

"மலையிலருந்து ஈரம் வர்ற வரைக்கும் அதுவும் வரும். பெயிண்டுக்கு மேல வரும்."

அவன் கையில் இன்னும் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "அப்ப நாங்க எங்க போறது டாக்டர்?" என்று கேட்டான். அதற்கு மருந்து எழுதும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

அம்மாக்கண்ணு மெல்லக் கேட்டாள். "டாக்டர், ஊரு மாத்துனா நல்லாயிடுமா?"

"ஆரம்பத்துலயே மாத்துனா நல்லாவே தேறிடுவாங்க."

"திரும்பி அதே வீட்டுக்கு வந்தா?"

"மறுபடியும் வரும். போனா விடும், வந்தா பிடிக்கும். அதுதான் இதோட அடையாளமே."

அம்மாக்கண்ணு சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சுபத்ராவின் முகமூடிக்குள் காற்று போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"இவனோட அப்பா…" என்று தொடங்கினாள். "பசுபதின்னு பேரு. இதே ரூம்லதான் படுத்திருந்தாரு. டீபின்னு சொல்லி மருந்து குடுத்தாங்க. சளியில டீபி இல்லைன்னும் அவங்களேதான் சொன்னாங்க. சாயந்தரமானா இதே மாதிரி குளுரும். கீழ தெலுக் இந்தான் டவுன்ல அவரு தம்பிக்கு மளிகைக்கடை. ஒத்தாசைக்குப் போவாரு. போனா ஒரே மாசத்துல ஆளு தேறிடுவாரு. கன்னமெல்லாம் உப்பிப்போயி வருவாரு. வந்து பத்து நாள்ல மறுபடியும் இருமல்."

"அம்மா…" என்றான் தினேஸ்வரன். இது அவனுக்கும் தெரியாத கதை.

"லயத்துல சொன்னாங்க, அங்க ஒருத்தி இருக்கான்னு. இல்லேன்னா அங்க மட்டும் எப்படி நல்லாயிருக்க முடியும்னு நானும் நம்புனேன். போயி கடைவாசல்ல நின்னு சண்டை போட்டேன். கையோட கூட்டிட்டு வந்தேன். இனிமே மலைய விட்டு எறங்க மாட்டேன்னு மாரியம்மன் முன்னால சத்தியம் வாங்குனேன்."

சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"எறங்கல. எறங்கவே இல்ல."

டாக்டர் தயங்கினார். "அவருக்கும் இதே நோயா இருந்திருக்கலாம்மா. இத்தனை வருஷம் கழிச்சு உறுதியாச் சொல்ல முடியாது."

"அப்ப… அந்தப் பொம்பள?"

யாரிடம் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டிலிலிருந்து சுபத்ரா கையை நீட்டினாள். விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் மாட்டியிருந்தது. அம்மாக்கண்ணு அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷத்தில் அவர்கள் அப்படிக் கைபிடித்துக்கொண்டதில்லை.

"நீ நடிக்கிறேன்னு நான் சொன்னேனே" என்றாள்.

முகமூடிக்குள்ளிருந்து சுபத்ரா இல்லையென்று தலையாட்டினாள்.

டாக்டர் எழுந்தார். போகிறபோது நின்று, "அம்மா, நீங்க பேசும்போது நடுநடுவுல நிறுத்தி மூச்சு எடுக்குறீங்க. ஒங்க நெஞ்சையும் ஒரு தடவ கேக்கட்டா?" என்றார்.

"எனக்கென்ன டாக்டர்? கல்லு மாதிரி இருக்கேன்" என்று அம்மாக்கண்ணு சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நர்ஸ் கூப்பிட, டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அம்மாக்கண்ணு மகனை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"தினேசு, நல்லாக் கேட்டுக்க. ஒங்கப்பாவ நான் கூட்டிட்டு வந்தேன். இவள நீ கூட்டிட்டு வராத. இங்கருந்து நேரா ஈப்போவுக்கு, அவ அக்கா வீட்டுக்கு அனுப்பிடு."

"வீடு? கிராணி வீட்டக் கேப்பாரும்மா."

"ஆளிருக்கிற வீட்ட யாரு எடுப்பா? நான் இருக்கேன். நீ லோரி ஓட்டு. வேற வழி கெடைக்கிற வரைக்கும் நான் அங்கயே இருக்கேன்."

"அம்மா, ரூமெல்லாம் அந்தத் தூளு அப்படியே கெடக்கு. நான் கழுவக்கூட இல்ல."

"எனக்கு ஒண்ணும் செய்யாது. இத்தன வருஷம் செஞ்சுதா?"

அப்போது நர்ஸ் கதவைத் திறந்து, சுபத்ராவை ஈப்போவுக்கு மாற்றுவது பற்றிப் பேச டாக்டர் கூப்பிடுவதாகச் சொன்னாள். தினேஸ்வரன் உள்ளே போய் வருவதற்குள் வராந்தா காலியாகிவிட்டது. வாசலுக்கு ஓடினான். ராமையாவின் கார் நின்ற இடத்தில் மழைத் தண்ணீர்தான் இருந்தது.

ராமையாவின் கைப்பேசிக்கு அடித்தான். எடுத்தது அம்மா.

"அம்மா, காரைத் திருப்பச் சொல்லு. டாக்டர் ஒன்னையும் பாக்கணும்ங்கிறாங்க."

"அவகிட்ட போயி உக்காரு. போன வை. ராமையா ரோட்டப் பாத்து ஓட்டணும்."

பொத்தானை எங்கே அமுக்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை. இணைப்பு துண்டிக்கப்படாமல் கிடந்தது. காரின் வைப்பர் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஓர் இருமல். நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பி, முடிவதுபோல் வந்து, மறுபடியும் தொடங்கி, நீண்டுகொண்டே போன இருமல்.

"என்ன அக்கா, இப்பிடி இருமுறீங்க?" என்று ராமையாவின் குரல் பதறியது.

அம்மா இருமி அவன் கேட்டதே இல்லை. தினமும் விடியற்காலையில் அவள் கொல்லைப்பக்கம் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு வெகுநேரம் நிற்பாள். தண்ணீர் பிடிக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான்.

தண்ணீர்ச் சத்தம் இல்லாமல், இன்றைக்குத்தான் அந்த இருமலை அவன் முதன்முதலாகக் கேட்கிறான்.

கைப்பேசியைக் காதில் அழுத்தியபடி மழையில் நின்றான். பின்னால் வார்டு கதவு திறந்தது. நர்ஸ் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.